திரும்பி வரும் தட்டு

சமையலறையிலிருந்து வெளியே போகும் தட்டை எல்லா ஹோட்டல்காரர்களும் பார்ப்பார்கள். ஓரத்தில் சிந்தியதைத் துணியால் துடைப்பார்கள், மேலே வைத்த கொத்தமல்லியைக் கொஞ்சம் நகர்த்துவார்கள், போ என்பார்கள். நாங்கள் அம்மா என்று கூப்பிட்ட எங்கள் முதலாளி பார்த்தது திரும்பி வரும் தட்டை. பாத்திரம் கழுவும் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. சாப்பிட்டு முடித்த தட்டுகளை அது வழியாகத்தான் உள்ளே தள்ளுவோம். அந்த ஜன்னலோரம்தான் அவருடைய இடம். ஊரே பேசிய ஒரு ஹோட்டலின் முதலாளி, அங்கே எல்லாச் சமையலுக்கும் தலைவி, எச்சில் தட்டுகளுக்குக் காவல் நின்றதைத்தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் பார்த்தேன். பைத்தியமோ என்று நினைத்தேன். உள்ளதைத்தானே சொல்ல வேண்டும்?

அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த ஒரு சந்தில், ஒரு பழைய பங்களாவில் எங்கள் ஹோட்டல் இருந்தது. பெயர்ப் பலகை இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது பெங்களூரில் பெரிய இடத்தில் சாப்பிடுவதென்றால் கான்டினென்டல், இல்லாவிட்டால் சைனீஸ். டை கட்டிக்கொண்டு போய் ரசம் குடிக்க யாருக்குப் பைத்தியம்? அவர் குடிக்க வைத்தார். வெள்ளைத் துணி விரித்த மேஜையில், முதலில் குட்டிக் கண்ணாடி டம்ளரில் சூடாக ரசம். பிறகு எலுமிச்சை அளவு ராகி களியும் கீரை மசியலும். பிறகு வாழையிலையில் சுட்ட மீன், குழம்பு, கூட்டு, ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டில், ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. கடைசியில் ஒரு கரண்டி தயிர் சாதம். ‘வீட்டுச் சாப்பாட்டுக்கு இவ்வளவு பில்லா?’ என்று முதலில் சிரித்தார்கள். அப்புறம் மேஜை கிடைக்காமல் சிபாரிசு பிடித்தார்கள். இன்றைக்கு எந்தப் பெரிய ஹோட்டலுக்குப் போனாலும் குட்டி டம்ளரில் ரசம் வருகிறதே, பெங்களூரில் அதை ஆரம்பித்து வைத்தது அவர்தான் என்று யாரோடும் சண்டை போட நான் தயார்.

நான் பக்கத்திலிருந்த மர்பி டவுன்காரி, ஏழைகள் பேட்டை அது. கான்வென்டில் படித்த இங்கிலீஷ் கையில் இருந்ததால் பரிமாறும் வேலைக்கு எடுத்துக்கொண்டார். முதல் நாளே ஒரு தட்டில் பாதிக் கூட்டு மிஞ்சி வந்தது. கொட்டப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இரு. கொட்டாதே.”

சுத்தமான ஸ்பூன் ஒன்றை எடுத்து, சாப்பிட்டவர் கை வைக்காத ஓரத்திலிருந்து ஒரு துளி வழித்து வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “தேங்கா அரைச்சது திப்பியா இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் போய்ச் சொன்னேன். என் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். “இன்னாடி சொல்ற? அவ்ளோ பெரிய வூட்டு அம்மா, கண்டவங்க எச்சில வாயில வெக்கறாங்களா?”

பெரிய வீடுதான். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஆசாரமான குடும்பம். தாத்தா, அப்பா எல்லாரும் மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள். தண்ணீரைக்கூடத் தூக்கிக் குடிக்கிற வீடு. அவருடைய அக்கா ஒரே ஒரு முறை ஹோட்டலுக்கு வந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டு, நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் மீன் சமைப்பது போதாதென்று எச்சில் தட்டிலும் கை வைக்கிறார் என்றால் எனக்கு எப்படி மனசு ஆறும்? ஒரு நாள் துணிந்து கேட்டே விட்டேன்.

“அருவருப்பா இல்லையாம்மா?”

“இருக்கே. இல்லாம என்ன? ஆனா கொண்டுபோய் வெச்சது நானாச்சே. அவா ஏன் விட்டான்னு தெரிஞ்சுக்காம மூக்கைப் பிடிச்சிண்டு நின்னா எப்படி?”

சாப்பிடும் கூடத்துக்குள் அவர் வந்ததே இல்லை. விருந்தாளிகள் கையைக் குலுக்க வேண்டும், போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளிப்பேன். “என் மூஞ்சிக்கு நேரே நன்னா இல்லேன்னு யார் சொல்லுவா? சொல்ல மாட்டா. பாவம், நாகரிகம் தெரிஞ்சவா” என்பார். அவருக்கு வாய்ப்பேச்சு வேண்டாம், தட்டு போதும். அவ்வளவுதான் கணக்கு.

ஒரு சமயம் டெல்லியிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். வாழையிலை மீனைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளினார். அதைப் படித்துவிட்டு ஜனங்கள் மீன் கேட்டே வந்தார்கள். அம்மா அந்த மீனையே நிறுத்திவிட்டார்! எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்டால், அந்த மனிதர் பாதி மீனை இலைக்கடியில் மறைத்துவைத்துவிட்டுப் போனாராம். “எழுதினது அவர் கை. விட்டது அவர் வாய். நான் வாயைத்தான் நம்புவேன்” என்றார். புளியைக் குறைத்து, இலையை மாற்றி, திரும்ப அது மேஜைக்கு வர ஒரு மழைக்காலமே போய்விட்டது. வந்தவர்களிடமெல்லாம் வசவு வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

ஆனால் அதே கண்தான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கிழவரையும் பார்த்தது. வாரம் தவறாமல் தனியாக வருவார். விறைப்பான ஆசாமி. வர வர அவர் தட்டில் பீன்ஸும் கொண்டைக்கடலையும் மட்டும் மிஞ்ச ஆரம்பித்தது. அம்மா ஜன்னலோரம் நின்று யோசித்தார். “பல் ஆடறது அவருக்கு” என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு மட்டும் எல்லாம் இன்னும் குழைய வெந்து போகும். பார்ப்பதற்கு மற்றவர் தட்டு மாதிரியே இருக்கும். கிழவர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் சமையல்காரர்கள் இப்போதுதான் ஒழுங்காகச் சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்றார். உள்ளே போய்ச் சொன்னேன். அம்மா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “பல்லைப் பத்தி வாய் திறந்து கேட்டிருந்தோம்னா, இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்.”

அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவ வந்தவன் ஏழுமலை. கிருஷ்ணகிரிப் பக்கம். அவனை அடுப்படிக்கு இழுத்து வந்து, வெங்காயம் நறுக்குவதிலிருந்து ஆரம்பித்து, தனக்கு அடுத்த இடத்தில் நிறுத்தியதும் அவர்தான். அவனுக்கு அவர் சொன்னதுதான் வேதம். உப்பு ஒரு சிட்டிகை என்றால் ஒரு சிட்டிகை. சாமி கும்பிடுகிறவன்கூட நடுவில் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்ப்பான். இவன் பார்க்க மாட்டான்.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். ஒரு மழைக்காலத்தில் அம்மாவுக்கு மோசமான காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, மெலிந்துபோய்த் திரும்பி வந்தார். சில நாள் கழித்து, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வந்தேன். அவசரத்தில் தலையில் மல்லிகைப்பூ இருந்ததை மறந்துவிட்டேன். எங்கள் ஹோட்டலில் பூ, சென்ட் எதுவும் கூடாது. சோற்றின் வாசனைக்கு நடுவில் வேறு வாசனை வரக்கூடாது என்பது சட்டம். முன்பெல்லாம் வாசற்படி ஏறும்போதே, “யார் தலையில மல்லி?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அன்றைக்கு அவர் என் எதிரே கையெட்டும் தூரத்தில் நின்று, சாயங்காலம் வருகிற விருந்தாளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் ஏதோ எடுக்கத் திரும்பினேன். அப்போதுதான் என் பின்னலைப் பார்த்தார். பேச்சு நின்றுவிட்டது.

நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“வாசனை வரலையாம்மா?”

கதவைச் சாத்தினார். “காய்ச்சல் வந்ததுலேர்ந்து வாசனையே இல்லே. உப்பு, புளிப்பு, காரம் தெரியறது. மத்தது எதுவும் தெரியலே. நெய்யும் எண்ணெயும் எனக்கு ஒண்ணுதான் இப்போ. டாக்டர் திரும்பி வரலாம்னும் சொல்றார், வராமலும் போகலாம்னும் சொல்றார்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

“ஏன்டி அழறே? தட்டு இருக்கோன்னோ? என் மூக்கு சொல்லாததைத் தட்டு சொல்லும். நான் பார்த்துக்கறேன். வெளியில மூச்சு விடாதே.”

பார்த்துக்கொள்ளவும் செய்தார். சும்மா சொல்லவில்லை. கைப்பழக்கத்தில் சமைப்பார், ஜன்னலோரம் போய் நிற்பார், மிஞ்சி வந்ததைப் பார்த்து அடுத்த நாள் திருத்துவார். கண் தெரியாதவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே வீடு முழுக்க நடப்பார்கள் இல்லையா, அப்படி நடந்தார். பல மாதம் ஒரு விருந்தாளிக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தத் தட்டுகள் மட்டும் உண்மையாக வந்துகொண்டிருந்தால் இன்னும் எத்தனையோ காலம் அந்த அடுப்படி அவர் கையிலேயே இருந்திருக்கும். என் மனசுக்குள் இன்னும் ஆறாமல் இருப்பது அதுதான்.

அதே சமயம்தான் பணம் போட்டிருந்த பங்குதாரர் புதிதாக ஒரு ஆசையோடு வந்தார். வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். அங்கே இன்னொரு கிளை, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்காகப் புதிய பதார்த்தங்கள், எல்லாம் அம்மா பெயரில். அம்மா ஒத்துக்கொண்டார். முடியாது என்று சொன்னால் காரணம் கேட்பார்களே. புதிய பதார்த்தம் என்றால் கைப்பழக்கம் உதவாது. மிளகைக் கூட்டினார், பெருங்காயத்தைக் கூட்டினார். தனக்குக் கொஞ்சமாவது உறைக்கிற மாதிரி செய்துகொண்டே போனார். ஏழுமலை, சொன்னது சொன்னபடி போட்டான்.

ஒரு சாயங்காலம் பெரிய கூட்டம். புதிய குழம்பு மேஜைக்கு மேஜை போயிற்று. தட்டுக்குத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. அம்மா ஜன்னலோரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். ஏழுமலை அடுப்பைப் பார்த்தபடி நின்றான், ஆனால் கண் இந்தப் பக்கம்தான் இருந்தது. அவனுக்கும் மூக்கு விஷயம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்கடுத்து என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். சில வாரம் லீவு போட்டேன். திரும்பி வந்த அன்று மத்தியானம் கூடத்தில் பார்க்கிறேன், பாதிப் பேர் குழம்பைக் கிளறிக் கிளறி வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். ஜன்னலோரம் போய்ப் பார்க்கிறேன், எல்லாத் தட்டும் வழித்தெடுத்ததுபோலக் காலி. அம்மா முகத்தில் நான் ரொம்ப நாளாகப் பார்க்காத சிரிப்பு. “வசந்தா, பார்த்தியா? பிடிச்சுப்போச்சு எல்லாருக்கும்” என்றார்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு மரத்தட்டி மறைப்பு உண்டு. அதன் பின்னால் போனேன். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பக்கெட். தட்டு எடுக்கிறவர்கள் அங்கே நின்று, மிஞ்சியதையெல்லாம் வழித்து அதில் தள்ளிவிட்டு, பிறகுதான் ஜன்னலுக்குப் போகிறார்கள். ஏழுமலையைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனேன்.

“இன்னாடா பண்ணி வெச்சிருக்க? யாரு சொன்னது இத செய்ய?”

“நான்தாங்க்கா சொன்னேன்.” தலையைத் தூக்கவில்லை. “அன்னிக்கு மூட்டை மேல குந்தினாங்களே, பாத்தீங்கல்ல? மொகம் எப்டி ஆயிடிச்சு? இன்னொரு வாட்டி அத என்னால பாக்க முடியாதுக்கா.”

“அறிவு கெட்டவனே, உன் நாக்கு நல்லாத்தானே இருக்கு? மொளகக் கொறச்சிப் போட வேண்டியதுதானே?”

அப்போதுதான் நிமிர்ந்தான். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. “அவங்க சொன்ன அளவ நான் மாத்தறதா? அது துரோகம்க்கா!”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அளவை மாற்றினால் துரோகம், தட்டை மாற்றினால் இல்லையாம். அவன் மனசார அப்படித்தான் நம்பினான். இவ்வளவு பாசம் இருக்கிற இடத்தில்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் முளைக்கும். “இன்னிக்கே போய் நீ சொல்ற. இல்லன்னா நான் சொல்லிடுவேன்” என்றேன்.

இரண்டு பேருக்குமே அந்த வேலை மிஞ்சவில்லை. உள்ளே போனபோது கழுவும் சத்தம் நின்றிருந்தது. கழுவாத தட்டுகளை மேடை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு, அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

“ஏழுமலை, இங்கே வா. குழம்புக்கு என்னடா தாளிச்சே?”

“கடுகு, வெந்தயம், கறிவேப்பிலைம்மா.”

“கறிவேப்பிலை எங்கே?”

அவன் மறைப்புப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

“இத்தனை பேர் சாப்பிட்டுட்டுப் போயிருக்கா. குழந்தைகள் சத்தம்கூட எனக்குக் கேட்டுது. ஒருத்தர்கூடவா கறிவேப்பிலையை ஓரமா ஒதுக்கி வைக்கலே?”

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“என் மூக்கு போயிடுத்து. நாக்கும் பாதி போயிடுத்து. நான் இன்னும் சமைக்கிறவள்னு சொல்லிக்க மிச்சம் இருந்தது இந்தத் தட்டு ஒண்ணுதான். அதையும் வழிச்சுக் கொட்டிட்டியேடா.”

ஏழுமலை காலில் விழுந்துவிட்டான். “உங்க முகத்தப் பாக்க முடியலம்மா” என்று தேம்பினான்.

“என் முகத்தை ஏன்டா பார்த்தே? தட்டைன்னா பார்த்திருக்கணும்.”

ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேடைமேல் வைத்தார். அன்றைக்கு முதல் முறையாகச் சாப்பிடும் கூடத்துக்குள் போய், நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பங்குதாரரை வரவழைத்தார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். வைட்ஃபீல்டில் எது வேண்டுமானாலும் திறந்துகொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம் என்றார். பங்குதாரர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். பெயர் மட்டும் இருந்தால் போதும், சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். “பேரை யாரும் சாப்பிட முடியாது” என்று அம்மா எழுந்துவிட்டார். பங்களாவை ஏழுமலை கொஞ்ச காலம் நன்றாகத்தான் நடத்தினான். பிறகு இடம் கைமாறியது, இடித்துவிட்டார்கள். அவரிடம் வேலை பார்த்தவர்கள் ஊர் முழுக்கச் சிதறிப்போய்ப் பெரிய பெரிய அடுப்படிகளில் நிற்கிறார்கள். இந்திரா நகரில் ஒரு பேர்போன ஹோட்டலில் ஒரு பையன், இப்போது அவனுக்கும் நரைத்துவிட்டது, கழுவும் இடத்தில் நின்று எச்சில் தட்டுகளைக் குனிந்து பார்ப்பதை என் கண்ணால் பார்த்தேன். மற்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா வேலையை விட்டுப்போன அடுத்த வருஷம் மல்லேஸ்வரம் வீட்டுக்குப் போனேன். யாரையும் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் கதவை அகலமாகத் திறந்தார். உட்கார வைத்து, வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், தேங்காய்ச் சேவை செய்துகொண்டுவந்து வைத்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. தேங்காய் காறல். எண்ணெய்ச் செக்கில் முகத்தைப் புதைத்த மாதிரி இருந்தது. எப்படியோ விழுங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது முழுவதையும் சாப்பிட்டு முடிப்பது எனக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. மர்பி டவுனில் வளர்ந்தவள், இதைவிட மோசமானதையெல்லாம் தின்றிருக்கிறேன். சாப்பிட்டு முடித்தால் அவர் சந்தோஷப்படுவார், நானும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். ஏழுமலையின் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அவனை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

கையை எடுத்துவிட்டேன். தட்டை முன்னால் தள்ளினேன்.

“என்ன?” என்றார்.

“தேங்கா காறிப்போச்சும்மா. வாயில வெக்க முடியல.”

சொல்லிவிட்டு நிமிரப் பயமாக இருந்தது. அவர் எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், மிச்சத்தைக் கொட்டினார். நான் பின்னாலேயே போனேன். கூடையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். அரிவாளின் முதுகால் தட்டினார். இரண்டாகப் பிளந்தது. ஒரு மூடியை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

“இது?”

“இது நல்லாருக்கும்மா.”

என் கண்ணையே பார்த்தார்.

“நிஜமாவா?”

“நிஜமாம்மா.”

அதற்கப்புறம்தான் துருவ உட்கார்ந்தார்.